மகாநாட்டிலே கற்ற பாடம்

பிறர்க்குப் பாடஞ் சொல்லிப் பழகியவன் வாங்கிலமர்ந்து பாடங் கேட்பது எளிதன்று. சென்ற மாதம் ஆசிரியர் மகாநாடொன்றிலே அவ்வாறு அமர்ந்திருந்தேன். பேசப்பட்ட பொருள், அமெரிக்க நாட்டிலே பாடசாலை அதிபர்களுக்கென வகுக்கப்பட்ட தலைமைத்துவ நியமங்கள்.

1996 ஆம் ஆண்டில் ஆறாக வெளிவந்த அந்நியமங்கள் 2008 இல் திருத்தம்பெற்று, 2015 இல் பத்தாக விரிந்தன. ஒழுக்கம், சமத்துவம், கற்பித்தல், மாணவர் பராமரிப்பு, குடும்பத் தொடர்பு, நிருவாகம் முதலாய பலவற்றையும் அவை தழுவுவன. ஆயின் என் நெஞ்சைத் தொட்டது ஒரு சொல்லே. 1996 இல் 'எல்லா மாணவரதும்' வெற்றி என்றிருந்தது, 2008 இல் 'ஒவ்வொரு மாணவரதும்' வெற்றி என மாறிற்று. 2015 இலோ பத்து நியமங்களும் ஒவ்வொரு மாணவரதும் கல்வி வெற்றியையும் நலனையுமே முடிவாகக் கொண்டன.

அக்கணமே என் வகுப்பின் கடைசி வாங்கு கண்முன் தோன்றிற்று. அங்கிருந்த மாணவனொருவன் மூன்று வாரமாக வரவில்லை. இடாப்பிலே நாள்தோறும் அடையாளமிட்டேன். காரணத்தை ஒருநாளேனும் வினவினேனில்லை. வகுப்பிலே பெரும்பாலோர் சித்தியடைந்தாற் போதுமென்றிருந்தேன்.

மறுநாள் அவன் வீடு தேடிச் சென்றேன். தந்தையார் நோயுற்றுக் கிடக்க, மகன் கடையொன்றிலே வேலைக்கு நின்றான். உறவினரும் அதிபரும் கைகொடுக்க, இப்பொழுது மீண்டும் வகுப்புக்கு வருகின்றான். இழந்த பாடங்களை மாலையிலே சொல்லிக் கொடுக்கின்றேன்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் பாடசாலையை மதிப்பிடும்போது சித்தியடைந்தோர் தொகையை மட்டும் கேளாதீர்கள். வராத பிள்ளையைத் தேடிச் சென்றவர் யாரென்றுங் கேளுங்கள்.