420 ரூபாய் காயிலுக்கு நான் கொடுத்த விலை 5,880 ரூபாய்: பழைய கார் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு ஆடிட்டரின் கணக்கு

நம்ம சேனல்ல வழக்கமா எஸ்.ஐ.பி., பி.எஃப்., புது வரி முறையா பழைய வரி முறையான்னு பேசுவோம். இன்னைக்கு ஒரு கார் பார்ட் பத்தி பேசப் போறேன். "ஆடிட்டருக்கு எதுக்கு இந்த வேலை?"ன்னு நினைக்காதீங்க. கடைசி வரைக்கும் படிச்சீங்கன்னா, இதுவும் பணத்தைப் பத்தின பதிவுதான்னு புரியும்.

எங்க ஊர் தர்மபுரி மாவட்டம், ஏரியூர். அப்பா ரிட்டயர்டு வாத்தியார். அவர்கிட்ட 1986 மாடல் பிரீமியர் பத்மினி ஒண்ணு இருக்கு. 1964-ல் மும்பை குர்லாவில் ஃபியட் 1100 டிலைட்டா தயாரான அதே கார்தான், எழுபதுகளில் பிரீமியர் பத்மினின்னு பேர் மாறுச்சு. 1089 சி.சி. இன்ஜின். மும்பையில கருப்பு மஞ்சள் டாக்ஸியா ஓடி, 2023 அக்டோபரோட ரோட்டை விட்டுப் போனதும் இதே வண்டிதான்.

போன வருஷம் அந்த வண்டி அடிக்கடி மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பிச்சது. "காயில் போயிருக்கும் போலடா"ன்னு அப்பா போன்ல சொன்னார். நான் பெங்களூரு ஆபீஸ்ல இருந்தபடியே ஆன்லைனில் தேடி, 'விலை குறைவிலிருந்து அதிகம்'னு வரிசைப்படுத்தி, மேலே வந்த 420 ரூபாய் காயிலை ஆர்டர் போட்டுட்டேன். அப்பாவுக்கு ஒரு வேலை முடிச்சுக் கொடுத்த திருப்தி எனக்கு. நண்பர்களே, மத்தவங்களுக்குப் புத்தி சொல்றவன் செஞ்ச தப்பு இது.

மூணு வாரம் வண்டி நல்லா ஓடுச்சு. அப்புறம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிட்டு பென்னாகரத்துல இருந்து திரும்பும்போது, ராத்திரி பத்தரை மணிக்கு நடு ரோட்டுல நின்னு போச்சு. அம்மாவும் அப்பாவும் மட்டும். ரெண்டு பேருக்கும் அறுபது தாண்டிடுச்சு. அம்மாவுக்கு சுகர் வேற. டோயிங் வண்டி வர ஒண்ணரை மணி நேரம். எனக்கு விஷயம் தெரிஞ்சது மறுநாள் காலையில. "உன்னை எதுக்கு ராத்திரியில பதற வைக்கணும்னுதான் சொல்லல"ன்னாங்க அம்மா.

காயில் என்ன வேலை செய்யுது?

சுருக்கமா சொல்றேன். பேட்டரி கொடுக்கிறது 12 வோல்ட். ஸ்பார்க் பிளக்குல பொறி தாண்டணும்னா பல்லாயிரம் வோல்ட் வேணும். அந்த வேலையைச் செய்யறதுதான் இக்னிஷன் காயில். உள்ளே ரெண்டு சுற்று இருக்கும். தடிச்ச கம்பி கொஞ்சம் சுற்று, மெல்லிசு கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. டிஸ்ட்ரிபியூட்டர்ல இருக்கிற பாயிண்ட் மூடும்போது முதல் சுற்றுல கரண்ட் ஓடும். பாயிண்ட் திறக்கும்போது அது சட்டுன்னு அறுபடும். அந்த நொடியில ரெண்டாவது சுற்றுல பெரிய வோல்டேஜ் கிளம்பும். பாயிண்ட்ல தீப்பொறி பறந்து அது கருகாம பார்த்துக்கறது கண்டென்சர்.

நாலு சிலிண்டர் இன்ஜின் 3,000 ஆர்.பி.எம்.ல ஓடினா, ஒரே காயில் ஒரு வினாடிக்கு 100 பொறி கொடுக்கணும். அவ்வளவு உழைப்பு!

வாங்கும்போது கேட்க வேண்டியது ஒரு நம்பர்

இந்த வகை காயில்ல ரெண்டு ரகம் உண்டு. ஒண்ணு, நேரா 12 வோல்ட்ல ஓடறது. அதோட முதல் சுற்று சுமார் 3 ஓம். இன்னொண்ணு, பேலஸ்ட் ரெசிஸ்டர் வழியா ஓடறது. அது சுமார் 1.5 ஓம். பார்க்க ரெண்டும் ஒரே டப்பா மாதிரிதான் இருக்கும்.

பள்ளிக்கூடத்துல படிச்ச ஓம் விதியை ஞாபகப்படுத்திக்கோங்க. 12-ஐ 3-ஆல வகுத்தா 4 ஆம்பியர். 12-ஐ 1.5-ஆல வகுத்தா 8 ஆம்பியர். எங்க வண்டியில பேலஸ்ட் ரெசிஸ்டர் கிடையாது. நான் அனுப்பினது 1.5 ஓம் காயில். ரெண்டு மடங்கு கரண்ட் ஓடி, காயில் கொதிச்சு, பாயிண்டும் கருகிடுச்சு. கதை அவ்வளவுதான்.

இதுல இன்னொரு கூத்து. மெக்கானிக் அண்ணன், வண்டியில இருந்த காயிலைக் கழட்டி, அதையே சாம்பிளா தர்மபுரி கடைக்கு எடுத்துட்டுப் போய், "இதே மாதிரி கொடுங்க"ன்னு 950 ரூபாய்க்கு வாங்கிட்டு வந்தார். பில் இல்லை. தப்பான சாம்பிளுக்குச் சரியான ஜோடி! ரெண்டு மாசத்துல அதுவும் அதே வழியில போச்சு. அவர் மேல நான் குறை சொல்ல மாட்டேன். தப்பான பொருளை வண்டிக்குள்ள முதல்ல அனுப்பினது நான்.

மூணாவது தடவை லீவு போட்டு நானே ஊருக்குப் போனேன். 350 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். அப்பா எதையும் தூக்கிப் போட மாட்டார். முதல்ல கழட்டின பழைய காயில் சாமான் அறையில ஒரு டப்பாவுல கிடந்தது. அளந்து பார்த்தேன். 3.1 ஓம். ரெண்டாவது சுற்று 9,000 ஓம் கிட்ட. ஒரு குறையும் இல்லை. அதையே மாட்டி, புது பாயிண்ட், கண்டென்சர் போட்டோம். வண்டி பழையபடி ஓடுச்சு. முதல் நாள் மக்கர் பண்ணது காயிலே இல்லை, கண்டென்சர்!

இப்போ கணக்குக்கு வருவோம்

முதல் சுற்று: காயில் 420, கூலி 300. மொத்தம் 720.
ரெண்டாவது சுற்று: டோயிங் 2,500, காயில் 950, பாயிண்ட் கண்டென்சர் செட் 380, கூலி 300. மொத்தம் 4,130.
மூணாவது சுற்று: பாயிண்ட் கண்டென்சர் செட் 380, கூலி 300, மல்டிமீட்டர் 350. மொத்தம் 1,030.
ஆக 5,880 ரூபாய்.

முதல்லயே அளந்து பார்த்திருந்தா? கண்டென்சர் 90, கூலி 300, மல்டிமீட்டர் 350. மொத்தமே 740 ரூபாய். வித்தியாசம் 5,140. இதுல அம்மா நடு ரோட்டுல உட்கார்ந்திருந்த ஒண்ணரை மணி நேரத்துக்கு நான் எந்தத் தொகையும் போடலை. போடவும் தெரியலை.

என் கருத்து: மலிவு வேற, விலை குறைவு வேற

விலை குறைவுங்கிறது பில்லுல இருக்கிற நம்பர். மலிவுங்கிறது அந்தப் பொருள் வேலை செஞ்சு முடிச்ச பிறகு தெரியற நம்பர். என்ன கோளாறுன்னு தெரியாம வாங்கற எந்தப் பொருளும் மலிவு கிடையாது.

அதுக்காக விலை அதிகமானதைத்தான் வாங்கணும்னு சொல்ல வரலை. "கிளாசிக் கார் ஸ்பெஷல்", "ரேசிங் காயில்"னு ரெண்டு மூணு மடங்கு விலை வைக்கிற சரக்கும் வேண்டாம். காயிலுக்கு எந்தக் கார்ன்னு தெரியாது. வோல்ட், ஓம், பாயிண்ட் சிஸ்டமா எலக்ட்ரானிக் சிஸ்டமாங்கிறது ஒத்துப் போனா, அம்பாசிடருக்கோ ஜீப்புக்கோ வர்ற சாதாரண காயிலே பத்மினிக்கும் போதும்.

நான் இப்போ பின்பற்றுற வரிசை இது:

1. முதல்ல பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார், கேப், பிளக் ஒயர் பாருங்க. இதெல்லாம் காயிலை விட விலை குறைவு, காயிலை விட சீக்கிரம் தேயற பார்ட்ஸ்.
2. இக்னிஷன் ஆஃப் பண்ணி, ஒயரைக் கழட்டிட்டு அளங்க. மீட்டரோட ரெண்டு முனையையும் ஒண்ணா வச்சு வர்ற நம்பரை முதல்ல கழிச்சிடுங்க. சின்ன ஓம்ல அதுவே கணக்கை மாத்திடும்.
3. ஆறின காயில்ல ஓம் சரியா இருந்தாலும், சூடான பிறகு உள்ளே இன்சுலேஷன் விட்டுப் போறது உண்டு. "சூடானா நிக்குது, அரை மணி நேரம் ஆறினா ஸ்டார்ட் ஆகுது"ன்னா காயில் மேல சந்தேகப்படலாம். காயிலைச் சூடோட அளந்து பாருங்க.
4. ஒயரை மாத்தி மாட்டாதீங்க. லூகாஸ் வகையில 'எஸ்.டபிள்யூ.' சுவிட்ச் பக்கம், 'சி.பி.' பாயிண்ட் பக்கம். பாஷ் வகையில 15 சுவிட்ச், 1 பாயிண்ட். மாத்தி மாட்டினா வண்டி ஓடும், ஆனா பொறி பலவீனமா இருக்கும்.
5. இன்ஜின் ஓடாம சாவியை ஆன்ல விட்டுட்டுப் போகாதீங்க. பாயிண்ட் மூடி நின்னிருந்தா காயில் சும்மாவே வேகும்.

இந்த அனுபவத்துக்கு அப்புறம், ஒரு நல்ல 3 ஓம் காயில் வாங்கி டிக்கியில ஸ்பேரா போட்டு வச்சிருக்கோம். விலை 1,000, ஜி.எஸ்.டி. 180. மொத்தம் 1,180.

அந்த 180 ரூபாயைப் பத்தி

"பில் வேண்டாம்னா 180 குறைச்சுக்கலாம் சார்"னு கடையில சொல்வாங்க. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா வாகன உதிரி பாகத்துக்கும் ஒரே 18 சதவீதம்தான். பில் இல்லாம வாங்கினா அந்த 18 சதவீதம் மிச்சம்னு தோணும். ஆனா பில் இல்லைன்னா வாரண்டி கேட்க முடியாது, போலின்னு நிரூபிக்கிறதும் கஷ்டம். பில் தர மறுக்கிறதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. அந்தக் கதவைத் திறக்கிற சாவிதான் பில். 180 ரூபாய் அதுக்கான பிரீமியம்னு நினைச்சுக்கோங்க.

பழைய கார் முதலீடா?

இல்லை. இதை அழுத்திச் சொல்றேன். இந்த வண்டி எல்லாம் நாளைக்கு லட்சக்கணக்குல போகும்னு நம்பி, பர்சனல் லோன் போட்டு வாங்கற தம்பிகளைப் பார்க்கிறேன். வேண்டாம்ப்பா.

20 வருஷம் தாண்டின காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கிற கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 5,000-ல இருந்து 10,000 ஆக்கிட்டாங்க. அது அஞ்சு வருஷத்துக்கு. ஆக வருஷத்துக்கு 2,000. 1,000 முதல் 1,500 சி.சி. வரையான காருக்கு தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் 3,416, ஜி.எஸ்.டி. சேர்த்தா 4,031. வண்டி நின்ன இடத்துல நின்னாலே வருஷம் 6,000 ரூபாய். பசுமை வரி, டயர், பேட்டரி எல்லாம் தனி. 'விண்டேஜ்' பதிவு கிடைக்கணும்னா முதல் பதிவுல இருந்து 50 வருஷம் ஆகணும். எங்க வண்டிக்கு அது 2036-ல். அப்படிப் பதிவு பண்ணாலும் தினமும் ஓட்ட அனுமதி கிடையாது.

வரி பக்கம் பார்த்தா, சொந்த உபயோகக் காரை லாபத்துக்கு வித்தா மூலதன ஆதாய வரி இல்லை. நல்ல விஷயம்தான். ஆனா நஷ்டத்துக்கு வித்தா அதை வேற எதுலயும் கழிச்சுக்கவும் முடியாது. சம்பளக்காரங்களுக்கு ரிப்பேர் செலவும் கழிவுல வராது.

அப்போ வித்துடலாமா? ரெண்டாவது தடவை வண்டி நின்னப்போ அப்பா அந்த முடிவுக்கே வந்துட்டார். பழைய இரும்புக்காரர்கிட்ட விலை கேட்டுட்டு வந்து, அம்மாகிட்ட, "இனி இதை நம்பி உன்னை வெளியே கூட்டிட்டுப் போக முடியாது"ன்னு சொல்லியிருக்கார். எனக்கு இதை அம்மாதான் சொன்னாங்க. 420 ரூபாய் காயில் கிட்டத்தட்ட அந்த வீட்டைவிட்டு ஒரு வண்டியையே அனுப்பியிருக்கும், அதோட அப்பாவோட தைரியத்தையும்.

அதனால என் முடிவு இது. பழைய வண்டி ஒரு செலவு, ஆசைப்பட்டுச் செய்யற செலவு. அதை அப்படியே ஒத்துக்கிட்டா தப்பே இல்லை. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க, கடன் வாங்காதீங்க. நான் வண்டிக்குன்னு மாசம் 1,000 ரூபாய் தனி ஆர்.டி. போட்டுட்டு வர்றேன். அந்தப் பணத்துக்குள்ள முடியற வரைக்கும் வண்டி வீட்டுல இருக்கும். முடியலைன்னா அன்னைக்கு அப்பாவோட உட்கார்ந்து பேசுவோம்.

உங்க வீட்டுலயும் அப்பாவோட பழைய வண்டி ஒண்ணு நிக்கலாம். ஸ்கூட்டரா இருக்கலாம், மாருதி 800-ஆ இருக்கலாம். அடுத்த தடவை "பார்ட் வாங்கி அனுப்புடா"ன்னு போன் வந்தா, ஆப்பைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: "அளந்து பார்த்தீங்களாப்பா?"

போன வாரம் அப்பா போன் பண்ணார். அம்மாவைக் கூட்டிக்கிட்டு பென்னாகரம் போயிட்டு வந்தாராம். ராத்திரியிலதான். "டிக்கியில ஸ்பேர் இருக்குதேடா, என்ன பயம்?"னார்.

அந்த 1,180 ரூபாய் காயில் இன்னும் டப்பாவைவிட்டு வெளியே வரலை. என் கணக்குல அதுதான் நான் வாங்கினதுலேயே மலிவான காயில்.