விளக்கு யாருடையது?

நாஞ்சில் நாட்டில் முட்டம் கடற்கரையைப் பார்க்காதவர்கள் மிகச் சிலரே. அங்கே பாறைகளுக்கு மேலே நிற்கும் கலங்கரை விளக்கத்தை ஊரார் தங்கள் வீட்டுக் குத்துவிளக்கைப் போலவே பாவித்து வருகிறார்கள். கட்டியது பிரிட்டிஷ் சர்க்கார்தான். ஆனால் வலையோடு கடலுக்குப் போனவன் இருட்டில் கரையைத் தேடும்போது, விளக்கை யார் கட்டினார்கள் என்றா யோசிப்பான்?

இப்போதோ வானத்தில் சுற்றும் செயற்கைக் கோள்கள் கப்பல்களுக்கு வழி சொல்லுகின்றன. முட்டத்து விளக்குக்கு இன்னும் வேலை இருக்கிறது. இனி வேலையில்லை என்று ஆகிவிடும் காலத்தில் அந்தக் கோபுரம் யாருடைய பொறுப்பு? இந்தக் கேள்வியை அது வருவதற்கு முன்பே கேட்டு வைப்பது நல்லது.

அமெரிக்கர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 2000-ஆம் ஆண்டில் அவர்கள் இயற்றிய ஒரு சட்டத்தின்படி, தேசத்துக்கு மிகையாகிவிட்ட சரித்திரப் பிரசித்தமான கலங்கரை விளக்கங்கள் ஊராட்சிகளுக்கும் தர்ம ஸ்தாபனங்களுக்கும் இலவசமாகவே கொடுக்கப்படுகின்றன. ஆனால் தானம் வெறும் தானமல்ல. கட்டடத்தைப் பழமை கெடாமல் காக்கவேண்டும். பொது ஜனங்கள் வந்து பார்க்க இடம் தரவேண்டும். விளக்கு இன்னும் எரியுமானால் அதைக் கவனிக்கக் கடற்காவல் படையினரை உள்ளே விடவேண்டும். வாக்குத் தவறினால் சொத்து மீண்டும் சர்க்காருக்கே போய்விடும். ஏற்க யாரும் முன்வராத விளக்கங்கள் மட்டுமே ஏலத்துக்கு வருகின்றன. இலவசம் என்றதும் ஆசைப்படுகிறவர்கள் ஒன்றை நினைக்கவேண்டும்: உப்புக் காற்று இரும்பை அரிக்கும், சுண்ணாம்பை உதிர்க்கும். வாங்குவது ஒரு நாள் காரியம். பராமரிப்பதோ தலைமுறைக் காரியம்.

கை மாறிய சொத்து நமக்கும் புதிதல்ல. திருவாங்கூர் மன்னர்களின் தலைநகராக 1795 வரையில் விளங்கிய பத்மநாபபுரத்தைப் பாருங்கள். 1956-இல் கல்குளம் முதலிய தாலுக்காக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. ஊர் இங்கே வந்தது. அரண்மனையைப் பராமரிக்கும் பொறுப்பு கேரள சர்க்காரின் தொல்பொருள் இலாகாவிடமே இருக்கிறது. குளச்சல் யுத்தத்தில் 1741-இல் சிறைப்பட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மரின் தளபதியான டிலனாய் அடக்கமான உதயகிரிக் கோட்டையோ, தமிழ்நாட்டு வன இலாகாவிடம் இருக்கிறது. வட்டக்கோட்டை மத்திய தொல்பொருள் இலாகாவினுடையது. எஜமானர்கள் மூவர்; ஆனால் ஒவ்வொன்றுக்கும் "இது என் பொறுப்பு" என்று சொல்ல ஒருவர் உண்டு. அப்படி ஒருவர் இல்லாத கட்டடத்துக்குத்தான் ஆலங்கன்று முதலில் வேர் விடுகிறது.

சென்னையிலும் பாருங்கள். 1844-இல் ஏற்றப்பட்ட விளக்கு 1894-இல் உயர் நீதிமன்றத்தின் கோபுரத்துக்கு ஏறிற்று. 1977-இல் மெரினாவுக்குப் போயிற்று. விளக்கு போனாலும் பழைய கல் தூண் நீதிமன்ற வளாகத்திலேயே நிற்கிறது.

2021-ஆம் ஆண்டின் சட்டம், பழைய கலங்கரை விளக்கங்களைப் பாரம்பரியச் சின்னங்களாகக் கொண்டு கல்விக்கும் கலைக்கும் யாத்திரிகர்களுக்கும் பயன்படுத்த மத்திய சர்க்காருக்கு அதிகாரம் தருகிறது. சந்தோஷம்! ஆனால் சின்னம் என்று எழுதிய பலகை மழையைத் தடுக்காது. வெள்ளையடிக்கக் கையும், அந்தக் கைக்குக் கூலியும், கூலி கொடுக்க நிதியும் வேண்டும்.

ஆகவே நமது யோசனை இதுதான். என்றேனும் ஒரு விளக்கம் மிகையாகுமானால், முதல் உரிமை அதன் ஒளியில் வாழ்ந்த ஊருக்கே கிடைக்கட்டும். கூடவே பராமரிப்புக்கு ஒரு நிதியும், தவறினால் திரும்பப் பெறும் நிபந்தனையும் இருக்கட்டும். அதிக விலை கேட்பவருக்கு விற்றுவிட்டால், கடலுக்கு வழி காட்டிய கோபுரத்தின் வாசலிலேயே ஊர்க் குழந்தைகளுக்கு "உள்ளே வராதே" என்ற பலகை தொங்கக்கூடும்.