அளவில் நேர்மை நீருக்கும் உரியது

கொடுக்கல் வாங்கலில் அளவும் நிறுவையும் நேராக இருத்தல் வேண்டுமென்பது திருமறையின் கண்டிப்பான கட்டளை. நெல்லையும் எண்ணெயையும் அளக்கும் வணிகர்க்கே அக்கட்டளை உரியதென்று நாம் எண்ணிவிடுகின்றோம். ஊருக்கெல்லாம் பொதுவாகிய நீரை அளக்குமிடத்தும் அது பொருந்தும் என்பதே நம் கருத்து.

செஞ்சிக்கு வடக்கே, மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயிலால் புகழ்பெற்ற சீயமங்கலம் போன்ற குன்று சூழ்ந்த ஊர்களில் நீரை அளப்பது அத்துணை அரிதன்று. சரிவில் இறங்கும் மழைநீரை ஏரி தாங்கும். நிறைந்தபின் கலிங்கு வழியே மிகைநீர் வெளியேறும். கலிங்கின் நீளமும் அதன்மேல் வழியும் நீரின் உயரமும் தெரிந்தால் வெளியேறும் அளவைக் கணித்துவிடலாம். ஆனால் அதே நீர் கிழக்கே சென்று கடலோரச் சமவெளியை அடைந்தபின் கணக்கு மாறிவிடுகின்றது.

அதற்குச் சான்று மரக்காணம் அருகேயுள்ள கழுவெளி. திண்டிவனம், வானூர்ப் பகுதி ஏரிகளின் மிகைநீர் இதில் சேர்ந்து, எடையன்திட்டுக் கழிமுகம் வழியாக வங்கக்கடலை அடைகின்றது. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இவ்வுவர்நீர் நிலம், 2024இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. இங்கே நிலச்சரிவு மிகச் சிறிது. நீர் ஒரு வாய்க்காலில் ஓடாமல் பரந்து நகர்கின்றது. ஓதம் ஏறும்போது நீரோட்டத்தின் திசையே திரும்பக்கூடும். காற்று தள்ளும்; கோரையும் நாணலும் தடுக்கும். ஓரிடத்தில் ஒருமுறை எடுத்த அளவை ஏரி முழுவதற்கும் உரியதாகக் கொள்ள இயலாது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. மழைமானி மழையைச் சொல்லும். அந்நீர் சென்ற வழியையும் தங்கிய நாள்களையும் சொல்லாது. அதற்குப் பல இடங்களில் நீர்மட்டக் கோல்கள் வேண்டும். ஓதத்தின் ஏற்ற இறக்கமும் உப்பின் அளவும் தரையின் மேடு பள்ளமும் பதிவாதல் வேண்டும்.

அப்பதிவுகளைக் கொண்டே கணிப்பொறியில் கணித மாதிரி அமைக்கின்றனர். ஏரியைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் புகும் நீர், வெளியேறும் நீர், எஞ்சும் நீர் ஆகியவற்றைக் கணக்கிடுவர். அயர்லாந்துப் பொறியாளர் இராபர்ட் மானிங் 1889இல் முன்வைத்த சூத்திரத்தை ஒட்டிப் புல்லும் சேறும் தரும் தடைக்கு ஓர் எண் அளிப்பர். அவ்வெண்ணைச் சற்றே மாற்றினும் வெள்ளம் வடியும் காலம் மாறிவிடும். ஆகவே ஓராண்டின் பதிவால் மாதிரியை அமைத்து, மற்றோராண்டின் பதிவால் அதனைச் சோதித்தல் இன்றியமையாதது. களத்தில் அளவாத மாதிரி, வண்ணப்படம் தீட்டிய ஊகமேயாகும்.

இதில் ஏழைகளின் வாழ்வும் அடங்கியுள்ளது. கடல்நீர் ஏறினால் கிணறும் கழனியும் உவர்க்கும் என்பது உழவரின் அச்சம். நீர்வாய் அடைபட்டால் மீனும் இறாலும் உள்ளே வாரா என்பது மீனவரின் அச்சம். இரண்டும் மெய்யே. தடுப்பின் உயரத்தையும், கதவு திறக்கும் நாளையும் அளவைக் கொண்டு முடிவு செய்யாவிடின், உரத்துப் பேசுவோர் பக்கமே நீதி சாயும்.

அளவுக்கும் நீதிக்கும் உள்ள இவ்வுறவை முன்னோர் அறிந்திருந்தனர். கி.பி. 861இல் அப்பாசியக் கலீபா முத்தவக்கிலின் ஆணையால் கெய்ரோவின் ரவ்ளா தீவில் நைல் நீரளவைத் தூண் எழுந்தது. வானியல் அறிஞர் அல்ஃபர்கானீ அப்பணியோடு தொடர்புடையவர். வெள்ளம் எத்தனை முழம் ஏறிற்று என்பதைக் கொண்டே நிலவரி முடிவாயிற்று. அவ்வளவில் பிழை நேர்ந்திருப்பின் உழவன் வயிற்றில் அடி விழுந்திருக்கும்.

எனவே அணை, துறைமுகம், இறால் பண்ணை என எது வருவதாயினும், குறைந்தது இரண்டு மழைக்காலமும் இரண்டு கோடையும் அளந்தபின்னரே வரவேண்டும் என வலியுறுத்துகின்றோம். அவ்வளவுகள் தமிழில் ஊராட்சிப் பலகையில் எழுதப்படுதல் வேண்டும். கோலின் எண்ணை நாள்தோறும் குறித்துவைக்கப் பெரும்பட்டம் தேவையில்லை. ஒழுங்கும் உண்மையும் போதும். விடுமுறையில் ஊர் செல்லும் நம் மாணவர்கள் இப்பணிக்கு முன்வருதல் வேண்டும். ஊர்ப் பெரியோர் அவர்களுக்குத் துணைநிற்றல் வேண்டும். நாம் இன்று அளந்து வைக்கும் நீரே நாளைய தலைமுறை நம்மிடம் கேட்கும் கணக்கு.