லினக்ஸ்: கரையில் நின்று நீந்தலாமா?

லினக்ஸைப் பரீட்சித்துப் பார்க்க என்ன செய்யலாம் என்று எவராவது கேட்டால், கணனி அறிந்தோரிடமிருந்து உடனே வருகின்ற பதில், "விண்டோஸுக்குள்ளேயே ஒரு மெய்நிகர்க் கணனியை அமைத்து அதில் நிறுவிப் பாருங்கள், ஆபத்தில்லை" என்பதாகும். இந்த அறிவுரையை நான் வன்மையாக மறுக்கின்றேன். அதனை நம்பி ஆறு மாதங்களை வீணாக்கியவன் என்ற உரிமையில் சொல்கின்றேன்.

விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்தியது. அதன்பின் என்னிடம் இக்கேள்வியைக் கேட்போரில் பெரும்பாலானோர், விண்டோஸ் 11 ஏற்க மறுக்கின்ற பழைய கணனிகளை வைத்திருப்பவர்கள். 4 கிகாபைட் நினைவகத்தில் விண்டோஸும் ஓடவேண்டும், அதன் மடியில் லினக்ஸும் ஓடவேண்டும் என்றால் இரண்டுக்கும் மூச்சுத் திணறாதா? ஒரு வாரம் அவதிப்பட்டவர், "லினக்ஸ் மகா மந்தம்" என்று தீர்ப்பெழுதிவிட்டுப் போய்விடுகின்றார்.

இன்னொன்றும் உண்டு. மெய்நிகர்க் கணனிக்குள் இருக்கும் லினக்ஸ் காண்பது உங்கள் கணனியின் மெய்யான வன்பொருளை அல்ல. வேர்ச்சுவல் பொக்ஸ் போன்ற மென்பொருள் புனைந்து காட்டும் போலியையே அது காண்கின்றது. உங்கள் வைஃபை அட்டையை லினக்ஸ் அறியுமா, மூடியை மூடித் திறந்தால் மடிக்கணனி விழித்தெழுமா என்பவற்றுக்கு அங்கே விடை கிடையாது. பரீட்சிக்க வேண்டியவை இவையல்லவா?

என் கதைக்கு வருகின்றேன். பத்திரிகை அலுவலகத்தில் பாமினியில் பழகிய விரல்கள் என்னுடையவை. மெய்நிகர் உபுண்டுவில் யூனிகோட் தமிழைத் தட்டச்சுச் செய்ய முனைவேன். இரண்டு பந்திகளில் பொறுமை போய்விடும். ஒரு சொடுக்குத் தூரத்தில் விண்டோஸ் காத்திருக்கும்போது எவன் கஷ்டப்படுவான்? இரட்டைத் துவக்கம் அமைத்த பின்னர் திரும்பிப் போவதென்றால் கணனியை மூடி மீண்டும் துவக்கவேண்டும். என் சோம்பலே எனக்கு ஆசிரியராயிற்று. மூன்று வாரங்களில் கை பழகிவிட்டது.

வன்தட்டைப் பிரிக்கும்போது கோப்புகள் அழியக்கூடும் என்பது உண்மை. ஆகவே கட்டுரைகள் அனைத்தையும் முதலில் வேறிரு வன்தட்டுகளில் பிரதி செய்தேன். பிட்லொக்கர் இயங்கும் கணனியாயின் அதன் மீட்புக் குறியீட்டைக் கடதாசியில் எழுதி வையுங்கள். விண்டோஸின் விரைவுத் துவக்கத்தையும் நிறுத்திவிடுங்கள். (முதல் நாள் விண்டோஸுக்குத் திரும்பியபோது கடிகாரம் ஐந்தரை மணித்தியாலம் பின்தங்கி நின்றது. அச்சுக்குப் போகும் நேரத்தையே வாழ்நாளெல்லாம் பார்த்திருந்தவனுக்கு நெஞ்சு ஒருகணம் நின்றுவிட்டது. லினக்ஸ் கணனிக் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்க, விண்டோஸ் அதனை உள்ளூர் நேரமென வாசிக்கின்றது. ஒரு கட்டளையில் தீரும் விடயம்.)

ஆபத்தின்றிப் பார்க்கவேண்டுமென்போர் பென் டிரைவ் ஒன்றிலிருந்து லினக்ஸை, நிறுவாமலே, துவக்கிப் பார்க்கலாம். வைஃபையும் ஒலியும் அச்சுப்பொறியும் அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். வன்தட்டில் ஒரு கீறலும் விழாது. அப்படியிருக்க, பாதுகாப்பின் பெயரால் மெய்நிகர்க் கணனியை ஏன் ஓதவேண்டும்? அலுவலகக் கணனியில் கைவைக்க அனுமதியற்றவருக்கும், பல லினக்ஸ் வகைகளை ஒப்புநோக்குபவருக்கும் அது பயன்படட்டும். அதில் எனக்கு வழக்கில்லை.

எனது விண்டோஸ் பகுதியை இன்னும் அழிக்கவில்லை. பேஜ்மேக்கரில் வடிவமைத்த பழைய பக்கங்கள் சில அங்கே கிடக்கின்றன. அவற்றைத் திறக்க எப்போதாவது அங்கே போகின்றேன், இணையத்தைத் துண்டித்துவிட்டு.