மாசடைந்த மண்ணிலும் மருந்து தேடுவோம்

புதிய மருந்து என்றதும் நம் மனம் அடர்ந்த காட்டைத்தான் நினைக்கிறது. அதில் தவறில்லை. மருத்துவர்கள் நெடுங்காலம் கடைசி ஆயுதமாக வைத்திருந்த வான்கோமைசின், 1950களில் போர்னியோ காட்டு மண்ணில் வாழ்ந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து கிடைத்ததுதான். ஆனால், காட்டில் மட்டும் தேடினால் போதாது. நாம் கெடுத்து வைத்திருக்கும் மண்ணிலும் தேட வேண்டும் என்பதே என் கருத்து.

ஏன் இந்த அவசரம்? மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாத் தொற்றுகள் 2019இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேரின் உயிரை நேரடியாகப் பறித்தன என மதிப்பிடப்பட்டுள்ளது. மறுபக்கம், பழகிய மண்ணையே சோதிக்கும் ஆய்வாளர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மருந்துகளே திரும்பத் திரும்பக் கிடைக்கின்றன. புதியது வேண்டுமானால், அதிகம் பேர் போகாத இடத்துக்குப் போகத்தான் வேண்டும்.

அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில் பெர்க்லி பிட் என்ற கைவிடப்பட்ட செம்புச் சுரங்கம் உள்ளது. 1982க்குப் பிறகு அதில் நீர் நிரம்பி, அமிலமும் ஆர்செனிக்கும் கலந்த ஏரியானது. 1995இல் அங்கு இறங்கிய பனி வாத்துகள் நூற்றுக்கணக்கில் மடிந்தன. அந்த நச்சு நீரிலும் நுண்ணுயிர்கள் வாழ்ந்தன. அங்கு எடுத்த இரண்டு பூஞ்சைகளை ஒன்றாக வளர்த்தபோது, தனியாக வளர்க்கையில் கிடைக்காத ஒரு பொருள் கிடைத்தது. பல மருந்துகளுக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ கிருமியை அது ஆய்வகத்தில் தடுத்ததாக 2017இல் அறிவிக்கப்பட்டது.

பாக்டீரியாவும் இப்படித்தான். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவிடம் மருந்து தயாரிக்கும் மரபணுக்கள் பல உண்டு. ஆய்வகத்தில் அவற்றில் பெரும்பாலானவை உறங்கிக் கிடக்கும். ஸ்கேண்டியம் என்ற உலோகத்தைச் சிறிதளவு சேர்த்ததும் அவற்றுள் சில விழித்துக்கொள்வதை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டனர். அப்படியானால், உலோகம் நிறைந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாகப் போராடி வாழும் பாக்டீரியா எதைத் தயாரித்து வைத்திருக்கும்? கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

“அப்படியென்றால் மாசு நல்லதா?” என்று சிலர் கேட்கலாம். இல்லவே இல்லை. 2019இல் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவு ஆயிரக்கணக்கானோரை நோயாளிகளாக்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. எந்த மருந்தும் அதற்கு ஈடாகாது. மேலும், கன உலோகங்களைத் தாங்கப் பழகும் பாக்டீரியா, மருந்தைத் தாங்கும் ஆற்றலையும் சேர்த்தே பெறுவதுண்டு. நோயைத் தீர்க்கும் பொருளும், மருந்தை முறியடிக்கும் மரபணுவும் ஒரே பிடி மண்ணில் இருக்கலாம். அதனால்தான் அந்த மண்ணைத் தூய்மைப்படுத்துவதோடு நில்லாமல், அதற்கு முன் ஆராய்ந்தும் பார்க்க வேண்டும் என்கிறேன்.

நம் நாட்டில் இதற்கு இடமா இல்லை? பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற நிலமும் குட்டைகளும் கண்ணெதிரே கிடக்கின்றன. நம் பல்கலைக்கழகங்கள் இடைநிலைப்பள்ளி அறிவியல் கழகங்களோடு கைகோத்து, இத்தகைய மண்ணை முறையாகச் சேகரித்துச் சோதிக்கலாம். அமெரிக்காவில் தொடங்கிய ‘டைனி எர்த்’ திட்டத்தில் மாணவர்களே மண்ணைச் சேகரித்து மருந்து தேடுகிறார்கள். ஒரு நிபந்தனை: கிருமி வளர்ப்பது வீட்டுச் சமையலறையில் செய்யும் வேலையல்ல, ஆசிரியர் மேற்பார்வையில், ஆய்வகத்தில் மட்டுமே செய்ய வேண்டும்.

மாணவர்களால் என்ன முடியும் என்று எண்ண வேண்டாம். காசநோய்க்கு முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினை 1943இல் மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஆல்பர்ட் ஷாட்ஸ், அப்போது 23 வயது ஆய்வு மாணவர்.

எல்லா மண்ணிலும் மருந்து இருக்காது. ஆனால் தேடாத மண்ணில் அது நிச்சயம் கிடைக்காது.