500 ரூபாயில் தீரும் துப்பாக்கிக் கணக்கு

உரிமம் பெற்று, சொந்த உபயோகத்துக்காக வைத்திருக்கும் துப்பாக்கியை ஒருவர் மற்றொருவருக்கு விற்க முடியுமா? முடியும் என்கிறது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். வாங்குபவர் ஆயுதம் வைத்திருக்கத் தகுதி பெற்றவராக இருந்தால் போதும். விற்பவருக்கு வியாபாரிக்குரிய உரிமம் தேவையில்லை.

ஆனால், 5-ஆவது பிரிவு இரு நிபந்தனைகளை விதிக்கிறது. விற்கும் எண்ணத்தையும், வாங்குபவரின் பெயர், முகவரியையும் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ, அருகிலுள்ள காவல் நிலைய அதிகாரிக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அதன் பின்னர் 45 நாள்கள் காத்திருக்க வேண்டும். வாங்குபவர் யார் என்பதை அரசு விசாரித்தறிய அளிக்கப்பட்டுள்ள அவகாசம் இது.

இந்த நிபந்தனைகளை மீறினால் என்ன தண்டனை? 25(3) பிரிவின்படி, அதிகபட்சம் 6 மாதச் சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அபராதத்துடனேயே விவகாரம் முடிந்துபோகவும் இடமுண்டு.

2019 டிசம்பரில் இச்சட்டத்தை நாடாளுமன்றம் திருத்தியது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டன. சட்டவிரோதத் தயாரிப்புக்கும் விற்பனைக்கும் ஆயுள் சிறை வரை தண்டனை உயர்ந்தது. திருமண வீட்டில் அஜாக்கிரதையாக வானை நோக்கிச் சுட்டு, பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் வழி செய்யப்பட்டது. ஆனால், தகவல் தராமல் துப்பாக்கியைக் கைமாற்றுவதற்கான 500 ரூபாய் மட்டும் அவையின் கண்ணில் படவில்லை.

இது அற்ப விஷயமல்ல. 2016 இறுதியில் நாட்டில் 33 லட்சத்துக்கும் அதிகமான ஆயுத உரிமங்கள் இருந்தன. அவற்றில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டவை உத்தரப் பிரதேசத்தில் மட்டும்.

உரிமங்களுக்குத் தனி அடையாள எண் வழங்கும் தேசியத் தகவல் தொகுப்பு இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்கக்கூடும். கைமாறிய தகவலை யாரேனும் தந்தால்தானே கணினிக்கும் அது தெரியும்? ஆயுத வியாபாரி பதிவேடு வைத்தாக வேண்டும். தனிநபர் விற்பனையில் அந்தப் பதிவேட்டின் இடத்தில் இருப்பது இந்த ஒரு கடிதம்தான். நாளை அத்துப்பாக்கி ஒரு குற்றத்தில் பயன்பட்டால், விற்றவர் தம் பங்கை நிரூபிக்க அக்கடிதத்தின் நகலே துணை நிற்கும்.

எனவே, தகவல் தருபவருக்குத் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வழங்குவதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். விற்றவர், வாங்கியவர் இருவரின் உரிமத்திலும் விற்பனை உடனுக்குடன் பதிவாக வேண்டும். 500 ரூபாய் அபராதமும் திருத்தப்பட வேண்டும். துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்பதை அறியாத அரசு, எத்தனை துப்பாக்கி இருக்கலாம் என்று வரம்பு விதிப்பதில் பொருளில்லை.