எழுபது வளைவுகளின் விலை

நாமக்கல் மாவட்டம் காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வளப்பூர் நாடு உள்ளிட்ட மலைநாடுகளில் வாழும் பழங்குடி மக்களுக்கு மருந்தும் தடுப்பூசியும் மேலே வந்து சேர ஆகும் செலவை அரசு கணக்கில் கொள்கிறது. ஆனால், பயன்படுத்திய ஊசியும் குருதி தோய்ந்த பஞ்சும் பிரசவ அறையின் நஞ்சுக்கொடியும் பாதுகாப்பாகக் கீழே இறங்க ஆகும் செலவு யாருடையது என்ற கேள்விக்கு நம்மிடம் தெளிவான விடை இல்லை.

உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016 இதில் கண்டிப்பானவை. கழிவு உருவாகும் இடத்திலேயே மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என அது தரம் பிரிக்கப்பட வேண்டும். மனித உடற்பாகக் கழிவுகளையும் குருதி படிந்த கழிவுகளையும் 48 மணி நேரத்துக்கு மேல் தேக்கி வைக்கலாகாது. 75 கி.மீ. தொலைவுக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேவை கிடைக்குமானால், மருத்துவமனை தனியே சுத்திகரிப்பு வசதி அமைத்துக்கொள்ளவும் தடை உண்டு. ஆழக்குழியில் புதைக்கும் அனுமதி, பொது நிலையத்தை அணுக இயலாத ஊரக, தொலைதூரப் பகுதிகளுக்கு மட்டுமே உரியது.

விதியின் நோக்கம் சரியானதே. ஆனால், 75 கி.மீ. என்பது சமவெளியின் அளவுகோல். வரைபடத்தில் அருகில் இருப்பதால் மலை மருத்துவமனைக்குக் குழி வெட்டும் உரிமை இல்லை; சாலை கடினமானது என்பதால் கழிவு ஊர்தி நாள் தவறாமல் ஏறிவரும் என்ற உறுதியும் இல்லை. இரண்டுக்கும் இடையில் சிக்கிக்கொள்வது ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியரும் துப்புரவுப் பணியாளரும்தான்.

இங்கே பொருளியல் கூறும் எளிய உண்மை ஒன்று உண்டு. கழிவு அகற்றும் கட்டணம் பெரும்பாலும் படுக்கை எண்ணிக்கையை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஐந்நூறு படுக்கைகள் கொண்ட நகர மருத்துவமனைக்குச் செல்லும் ஊர்திக்கு ஒரே நிறுத்தத்தில் வருவாய் கிடைக்கிறது. சில படுக்கைகளே உள்ள மலை நிலையத்துக்கு ஏறினால் எரிபொருள் செலவுக்கே அது போதாது. மாறாக, எடைக்கு ஏற்பக் கட்டணம் என்றால், செலவைக் குறைக்கக் கழிவைக் குப்பையோடு கலக்கவோ திறந்தவெளியில் எரிக்கவோ தூண்டுதல் பிறக்கும். ஆகவே, மலைப்பயணத்துக்கான நிலையான செலவைக் கட்டணத்திலிருந்து பிரித்து, மாநில சுகாதார நிதியே ஏற்க வேண்டும். ஊர்தி வந்த நாளுக்கு மட்டுமே அத்தொகை வழங்கப்பட வேண்டும். கழிவுப் பைகளில் பட்டைக் குறியீடு கட்டாயம் என்பதால் இதைச் சரிபார்ப்பது கடினமன்று.

இதைச் சலுகை என்று கருதுவது தவறு. கொல்லிமலையில் பிறக்கும் அய்யாறு ஆகாயகங்கை அருவியாக வீழ்ந்து, திருச்சி மாவட்டத்துக்குள் இறங்கிக் காவிரியை நோக்கிச் செல்கிறது. மலையின் தூய்மையால் பயன்பெறுவது சமவெளி. எனவே, அதற்கான செலவில் பங்கேற்பதும் அதன் கடமை. மலையில் விட்ட நஞ்சு மலையோடு நிற்காது என்பதற்குக் கொடைக்கானல் சான்று. அங்கிருந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்ட பின்னரும், மண்ணில் தங்கிய பாதரசத்தை அகற்றும் விவகாரம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நீண்டது. கேரள மருத்துவமனைக் கழிவுகள் திருநெல்வேலி மாவட்டத்தில் கொட்டப்பட்டு, 2024 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவால் திரும்ப எடுத்துச் செல்லப்பட்டதையும் நாம் கண்டோம். முறையாக அகற்றும் செலவைத் தவிர்ப்பவர்கள் அதைப் பிறர் தலையில் சுமத்துகிறார்கள்.

மருத்துவமனைக்குள் செய்ய வேண்டியவையும் உண்டு. மருத்துவக் கழிவில் ஏறத்தாழ 85 சதவீதம் அபாயமற்ற பொதுக் கழிவே என்கிறது உலக சுகாதார அமைப்பு. தரம் பிரிப்பதில் தவறினால் முழுவதும் அபாயக் கழிவாகிவிடும். சரியாகப் பிரித்தால் கீழே இறக்க வேண்டிய சுமை பெருமளவு குறையும். இதற்குத் தேவை விலையுயர்ந்த எந்திரமன்று. பயிற்சியும் கையுறையும் தடையற்ற பை விநியோகமும்தான்.

அடுத்தது மின்சாரம். சத்தீஸ்கரில் சூரிய மின்வசதி பெற்ற ஆரம்ப சுகாதார நிலையங்களில், மின்பற்றாக்குறை உள்ள பிற நிலையங்களைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு பிரசவங்கள் நடைபெற்றதாக 2017-இல் வெளியான ஆய்வு கூறியது. மழையிலும் காற்றிலும் மின்கம்பிகள் அறுந்து விழும் மலைப்பகுதிக்கு இது இன்னும் பொருந்தும். சேமிப்பு மின்கலத்துடன் கூடிய சூரியத் தகடுகள் தடுப்பூசியைக் காக்கும்; மண்சரிவால் கழிவு ஊர்தி தாமதமாகும் நாளில், கழிவுக்கென்றே ஒதுக்கிய குளிர்பெட்டியையும் இயக்கும். அத்தகைய தாமதத்தைக் காரணத்துடன் உரிய அதிகாரிக்குத் தெரிவிக்கவும் விதியில் இடமுண்டு.

நிதிநிலை அறிக்கையில் மலை மருத்துவமனைகளின் கழிவுப் போக்குவரத்துக்கென ஒரு தனித் தலைப்பு ஏற்படுத்துவதே முதல் படி. அத்தொகை மாநிலத்தின் சுகாதாரச் செலவில் மிகச் சிறிய பகுதியாகவே இருக்கும். அதைத் தர மறுத்துவிட்டு 48 மணி நேர விதியை மட்டும் மலைக்கு அனுப்புவது, ஏழைப் பணியாளரை விதிமீறலுக்குத் தள்ளிவிட்டுப் பின்னர் அவரிடமே விளக்கம் கேட்பதற்கு ஒப்பாகும்.